தம்பி சிலைக்கு நின்றவர்

சவரக் கத்தி இடது காதுக்குக் கீழே வந்ததும் சர்வேயரின் கை தானாக நின்றது. மீசை முளைத்த நாளிலிருந்து இந்த ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் கத்தி அந்த இடத்தில் ஒரு கணம் தயங்கி, மிளகளவு மச்சம் ஒன்றைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்குவதுதான் வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு சவரம் செய்தாலும் கைக்கு அந்த வளைவு தெரியும். இன்று சுற்றிப் போக அங்கே ஒன்றும் இல்லை. விரலால் நுரையை வழித்துவிட்டுப் பார்த்தார். தோல் வழுவழுவென்று இருந்தது. வெட்டில்லை, ரத்தமில்லை, வடுகூட இல்லை.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரச் சுவரின் சுண்ணாம்பு வாசனையும் சோப்பு வாசனையும் கலந்த அந்தச் சின்னக் குளியலறையில் அவர் கண்ணாடிக்கு மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து நின்றார்.

"ஏங்க, தண்ணி வீணாப் போகுது," என்றாள் மனைவி வெளியிலிருந்து.

"இங்க வந்து பாரு. இந்த இடத்துல ஒரு மச்சம் இருந்துச்சுல்ல?"

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். "இருந்துச்சே. முப்பத்திரண்டு வருஷமாப் பார்க்கிறேன். எங்க போச்சு?"

"அதைத்தான் உன்னைக் கேக்கிறேன்."

"என்னைக் கேட்டா? நான் எடுத்து டப்பாவுலயா போட்டு வெச்சிருக்கேன்?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மச்சம் வேறு எந்த இடத்தில் இருக்கிறது என்பது உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

சாப்பாட்டு அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் பூங்கா, பூங்காவின் நடுவில் மூன்றடிப் பீடத்தின் மேல் அவருடைய தம்பி, வெண்கலத்தில், கோட்டும் பூட்ஸுமாக, வலது கையை நீட்டி ஊரைக் காட்டிக்கொண்டு. சிலையின் பார்வை நேராக இந்த மேசைக்குத்தான் வரும். வைத்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு வாய் காப்பி குடிக்க முடிகிறதா இந்த மனுஷரால்? உயிரோடு இருந்தபோது என் தட்டைப் பார்த்தான், செத்த பிறகும் பார்க்கிறான் என்று வயிறு எரிவார். இந்த ஜன்னலுக்கு ஒரு திரை போடு, திரை போடு என்று மனைவியை நச்சரித்து வந்தார். அவளும் துணி வாங்கணும், துணி வாங்கணும் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பொறாமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை, சும்மா சொல்லக்கூடாது. இந்தக் குடியிருப்பு முழுவதையும் வெயிலில் நின்று அளந்தவர் அண்ணன். கோடு போட்டவர், கல் நட்டவர், வரைபடம் தீட்டியவர் அண்ணன். தம்பி செய்ததெல்லாம் பேச்சு. ஆனால் என்ன பேச்சு! மனை வாங்க வந்தவர்கள் அவன் சிரிப்பில் மயங்கியே கையெழுத்துப் போட்டார்கள். அவன் எல்லாருக்கும் முதலாளி. இவர் சர்வேயர் சார். அவ்வளவுதான்.

அந்தப் பூங்கா கதை இன்னும் மோசம். அளவுச் சங்கிலியில் அறுந்துபோன ஒரு கண்ணியை யாரோ குட்டையாக ஒட்டியிருந்தார்கள். சரிபார்க்காமலே இவர் மூன்று மாதம் அதை வைத்து அளந்துவிட்டார். ஒவ்வொரு இழுப்பிலும் துளித்துளியாகப் பிசகி, கடைசியில் மூன்று தெருக்களும் முட்ட வேண்டிய மூலையில் முட்டவில்லை. நடுவில் ஒரு முக்கோண நிலம் அநாதையாக நின்றது. அவமானத்தில் நான்கு நாள் சோறு இறங்கவில்லை இவருக்கு. தம்பி வந்து வரைபடத்தைப் பார்த்தான், கடகடவென்று சிரித்தான். "விடுண்ணா, நாலு மரத்தை வெச்சிரலாம்," என்றான். மறுவாரமே துண்டுப் பிரசுரத்தில் 'பூங்காவுடன் கூடிய மனைகள்' என்று வந்துவிட்டது. என்ன தொலைநோக்கு, என்ன பெரிய மனசு என்று ஊரே கொண்டாடியது. அண்ணன் செய்த தப்புக்குக்கூடத் தம்பிக்குத்தான் மாலை. இவர் பெற்ற பிள்ளைக்கு அவன் இனிஷியல் போட்ட மாதிரி.

போன வருஷம் அவன் திடீரென்று மாரடைப்பில் போனான். குடியிருப்போர் சங்கம் சிலை வைக்கத் தீர்மானித்தது. போட்டோ பார்த்தே செய்துவிடலாம் என்று சிற்பி நினைத்தார். ஆனால் ஒரு இடத்தில் நிற்காத மனுஷனுக்கு உருப்படியாக ஒரு முழு போட்டோ ஏது? எல்லாவற்றிலும் பாதித் தலை, அசைந்த கை. தம்பி மனைவிதான் வந்து கேட்டாள். "மாமா, உங்க ரெண்டு பேருக்கும் ஒரே உடம்பு, ஒரே முகவாகு. அவர் கோட்டையும் பூட்ஸையும் போட்டுக்கிட்டு நீங்க நின்னுட்டீங்கன்னா போதும்."

பன்னிரண்டு நாள் சிற்பியின் கொட்டகையில், களிமண் வாசனைக்கும் ஈரச் சாக்கு வாசனைக்கும் நடுவில், செத்தவன் கோட்டைப் போட்டுக்கொண்டு வலது கையை நீட்டி நின்றார். பார்க்க வந்த தம்பி மனைவி உருவத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அவர் இடது கைக்காரர்," என்றாள்.

சிற்பிக்கு முகம் செத்துவிட்டது. உள்ளே இருக்கும் இரும்புக் கூட்டை வெட்டினால்தான் கையை மாற்ற முடியும்.

"விடும்மா, ஊருக்கு என்ன தெரியப்போகுது?" என்றார் சர்வேயர். உள்ளுக்குள் அவருக்கு ஒரே குளுகுளுப்பு.

அன்று மத்தியானம் சிற்பி சாப்பிடப் போனபோது அவர் மட்டும் கொட்டகையில் இருந்தார். ஒரு துளி மண்ணைக் கிள்ளி, மிளகளவுக்கு உருட்டி, சிலையின் இடது காதுக்குக் கீழே ஒட்டினார். தம்பிக்கு அங்கே மச்சம் கிடையாது. "இத்தனை நாள் நீ எடுத்துக்கிட்டது போதும்டா," என்றார் அந்த மண் முகத்தைப் பார்த்து, வாய்விட்டு. "இங்க நிக்கப்போறது நான். பேர்தான் உன்னோடது."

அப்போது அது ஒரு ஆறுதல். அவ்வளவுதான் நினைத்தார்.

காப்பி ஆறிப்போயிருந்தது. எழுந்து பூங்காவுக்குப் போனார்.

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. செருப்புக்கடியில் சரளைக்கல் நெறுநெறுத்தது. தோட்டக்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சர்வேயர் பீடத்தின் விளிம்பில் ஏறி, சிலையின் கழுத்தைப் பார்த்தார். மச்சம் இருந்தது. உடம்பு முழுக்கப் பழுப்புப் பச்சையாக இருந்த வெண்கலத்தில் அது மட்டும் கறுப்பாக இருந்தது. தொட்டார். மெத்தென்று இருந்தது. அதன் நடுவில் ஒரு நரைமுடி, தன் கழுத்தில் வாராவாரம் கத்தரித்து விடுகிற அதே முடி, காற்றில் லேசாக ஆடியது.

அவசரமாகக் கீழே இறங்கினார்.

"சார், நீங்களே வந்துட்டீங்க," என்றார் தோட்டக்காரர். "ஒரு வாரமாச் சொல்லணும்னு இருந்தேன். சிலை ஒரு பக்கமாச் சாயற மாதிரி இல்ல?"

வீட்டுக்குப் போய்த் தூக்குக்குண்டை எடுத்து வந்தார். மற்றவர் கண்ணை அவர் நம்புவதில்லை. நூலில் கட்டிய அந்த ஈயக் குண்டு பொய் சொல்லாது. சிலையின் தோளிலிருந்து தொங்கவிட்டு, குண்டு ஆடி ஓயும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து அளந்தார். ஒன்றரை அங்குலம். பீடம் சமமாகத்தான் இருந்தது. சிலைதான் இடது முழங்காலை லேசாக மடக்கி, பாரத்தையெல்லாம் வலது காலில் போட்டு நின்றது. இடது முழங்கால் தேய்ந்துபோன ஒருவர் நிற்பதுபோல. பதினோரு வருஷமாக அவரே நிற்பதுபோல.

"அடித்தளம் உள்வாங்கியிருக்கும்," என்று தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு நடந்தார். வீட்டு வாசல்படியில் ஏறி உள்ளே போய், தண்ணீர் குடித்து, தம்ளரை வைத்த பிறகுதான் உறைத்தது. படியேறும்போது முழங்கால் வலிக்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கவே இல்லை.

அப்போதே ஏதாவது செய்திருக்கலாம். ஆனால் பாருங்கள், பயத்தோடு பயமாக அவருக்குள் ஒரு அற்ப சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. வலி போனால் யாருக்குத்தான் கசக்கும்? அன்று மாலை நாலு தெருவை விறுவிறுவென்று சுற்றி வந்தார். மூலைக் கடைக்காரர் கல்லாவிலிருந்து பாதி எழுந்து, "வணக்கம் முதலாளி!" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க சார், ஒரு நிமிஷம் அப்படியே அவரைப் பார்த்த மாதிரி..." என்று இழுத்தார். சர்வேயர் பெரிய மனதோடு கையை அசைத்தார். கடையைத் தாண்டிய பிறகும் அந்த வார்த்தை காதில் தேனாக இருந்தது. முதலாளி.

பத்து நாளில் அந்தத் தேன் கசந்தது.

தம்பி மனைவி தினம் மாலையில் பூங்கா பெஞ்சில் வந்து உட்காருவாள். சர்வேயர் சரளைப் பாதையில் நடந்து வருவதைத் தூரத்திலேயே பார்த்தவள் விருட்டென்று எழுந்தாள். மடியிலிருந்த பை கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட இல்லை.

"மாமா," என்றாள். "அந்த விசிலை எங்க கத்துக்கிட்டீங்க?"

"எந்த விசில்?"

"இப்ப அடிச்சுக்கிட்டு வந்தீங்களே. அவர் குளிக்கிறப்ப அடிப்பார். வீட்டுக்கு வெளியில யாரும் கேட்டதே இல்ல."

சர்வேயருக்கு விசிலடிக்க வராது. சின்ன வயதில் தம்பி எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தும் வந்ததில்லை. உதட்டைத் தொட்டுப் பார்த்தார். குவிந்திருந்தது.

அவள் சிலையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி சிலையைப் பார்த்தாள். "கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க மாமா," என்று சொல்லிவிட்டுப் பையை அள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

மறுநாள் மனைவி ஒருவழியாகத் திரைத் துணி எடுக்கக் கிளம்பினாள். "ஜன்னலை அளந்து எழுதிக் கொடுங்க. அளக்கிறது உங்க தொழில்தானே," என்றாள். அவர் நாடாவைப் பிடித்து அளந்தார். அகலம், உயரம், மடிப்புக்கு இத்தனை என்று ஒரு காகிதத்தில் குறித்தார். கொடுக்கும்போதுதான் எழுத்தைப் பார்த்தார். அவருடைய எழுத்து கட்டம் கட்டமாக நிமிர்ந்து நிற்கும், வரைபடக்காரன் எழுத்து. காகிதத்தில் இருந்தது பின்பக்கம் சாய்ந்த, அவசரமான, வாலை நீட்டிய எழுத்து. பென்சில் அவருடைய இடது கையில் இருந்தது.

பென்சிலை வலது கைக்கு மாற்றினார். விரல்கள் மடங்கவில்லை. வலிக்கவும் இல்லை. விறைத்துக் கிடந்தன, குளிர்ந்துபோய்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில்தான் அது நடந்தது. அவர் பேச நினைக்கவே இல்லை. வாய் தானாகப் பேசியது. துணிக்கடைக்காரர் நாடாவை இழுக்கும் அழகைப் பற்றி என்னமோ சொன்னார், அந்த ஆளைப் போலவே தலையை ஆட்டிக் காட்டினார். மனைவி சிரித்தாள். அடக்க முடியாமல், மேசையைத் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவருக்குத் தெரியும். தம்பி இந்த மேசைக்கு வந்து உட்காரும் நாட்களில் மட்டும் கேட்கிற சிரிப்பு. அப்போதெல்லாம் இவர் தலையைக் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் பெண்டாட்டியைச் சிரிக்க வைக்க இவன் யார் என்று நெஞ்சு வேகும்.

"ஐயோ, போதும்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கீங்களா? இந்த மனுஷனை இவ்வளவு நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"நீ யாரைப் பார்த்துச் சிரிக்கிறே?" என்று கேட்க நினைத்தார். அதுவும் கேலியாகத்தான் வெளியே வந்தது. அவள் அதற்கும் சிரித்தாள். அவள் முகம் பத்து வயது குறைந்ததுபோல் இருந்தது. தன் உடம்புக்குள்ளேயே ஒரு மூலையில் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டு, தன் மனைவி வேறொருவனைப் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். அந்தப் பொறாமை முன்பு பட்டதையெல்லாம் தூசாக்கிவிட்டது. சிலையை எடுத்துக்கொள், பேரை எடுத்துக்கொள், இவளை மட்டும் விட்டுவிடுடா. அதைச் சொல்லவும் வாய் அவரிடம் இல்லை.

ஜன்னல் வழியே சிலை பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மாலை, தோட்டக்காரர் விளக்குகளைப் போட்டுவிட்டுக் கிளம்பும் வரை காத்திருந்தார். மனைவி உள்ளே புதுத் திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் ஓசை தெரு வரைக்கும் கேட்டது. அவர் அரத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். மச்சத்தை ராவி எடுத்துவிட வேண்டும். இட்டவனே எடுத்துவிட்டால் கணக்கு நேர். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதைதான் தன் கதை என்று அப்போதாவது அவருக்குப் புரிந்தது. ஆனால் மூக்கைத் திரும்ப ஒட்ட வழியிருக்கும் என்று நம்பினார், பாவி மனுஷர்.

பூங்காவில் ஆளில்லை. மழை வரப்போகிற மண்வாசனை. தூரத்தில் ஏதோ வீட்டில் குக்கர் விசில். செருப்பைப் பீடத்தின் கீழே கழற்றி வைத்தார். பீடத்தில் ஏறினார். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால் விறைத்த வலது கையைச் சிலையின் தோளில் போட்டு, மார்போடு மார்பாக அணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன தம்பியைக் கண்டுபிடித்து அணைத்ததற்குப் பிறகு இப்போதுதான்.

வெண்கலம் சூடாக இருந்தது. பகல் வெயிலின் சூடு என்று நினைத்தார்.

அரத்தை வைத்தார். ஒரு இழுப்பு.

அவர் கழுத்தில் எரிந்தது.

இன்னொரு இழுப்பு. சிலையின் கழுத்தில் ஈரம். விளக்கொளியில் கறுப்பாக வழிந்தது. ரத்த வாசனை. மூன்றாவது இழுப்புக்குக் கையை ஓங்கினார். ஓங்கிய கை வரவில்லை.

காதருகே ஒரு மூச்சு.

"போதும்ணா," என்றது. அவருடைய குரலிலேயே. "நின்னது நீதானே."

வலது கை நீண்டது. அவர் நீட்டவில்லை. தோள் இறுகியது. இடுப்பு இறுகியது. இடது முழங்காலில் பழைய வலி, பதினோரு வருஷத்து வலி, மொத்தமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது. கத்த நினைத்தார். பல்லுக்குப் பின்னால் நாக்கு உலோகமாகக் கிடந்தது.

கீழே ஒரு ஆள் பீடத்திலிருந்து குதித்தான். வலியில்லாத முழங்கால்கள். அவருடைய சட்டை. அவருடைய நரைத்த தலை. இடது கையில் அரம். அதைச் செடிக்குள் எறிந்தான். கழுத்தைத் துடைத்துக்கொண்டான். அவருடைய செருப்பில் கால் நுழைத்து, இரண்டு அடி நடந்து, பிறகு திரும்பி அண்ணாந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அந்தக் கண்ணில் இருந்ததை அவர் அடையாளம் கண்டார். எத்தனை காலம் தன் கண்ணில் சுமந்தது. மூன்று மாதம் இங்கே நின்று, எதிர்வீட்டு மேசையில் ஆவி பறக்கும் சோற்றையும், அதைப் பரிமாறுகிறவளையும் பார்த்துக்கொண்டே இருந்தவனுடைய பொறாமை.

விசிலடித்துக்கொண்டே தெருவைக் கடந்து போனான்.

மழை பிடித்துக்கொண்டது. கண்ணுக்குள் நேராக விழுந்தது. இமைக்க முடியவில்லை.

எதிரே ஜன்னல். மஞ்சள் வெளிச்சத்தில் மேசை, இரண்டு தட்டு, தண்ணீர் கூஜா. இத்தனை தெளிவாகத் தெரியும் என்று அவர் நினைத்ததே இல்லை. அவள் வந்தாள், கையில் புதுத் திரை. அவன் நாற்காலியில் ஏறிக் கம்பியில் மாட்டினான், இடது கையால். என்னமோ சொன்னான். அவள் சிரித்தாள். சத்தம் தெருவைத் தாண்டி, மழையைத் தாண்டி வந்தது.

திரையின் நுனியைப் பிடித்தவள் ஒரு கணம் நின்றாள். வெளியே பார்த்தாள். நேராக அவரைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஜன்னல் கம்பிக்கு அருகே வந்தாள்.

நான்தான். இங்க பாரு. நான்தான்.

"ஏங்க," என்றாள் உள்பக்கம் திரும்பி, "சிலை அழற மாதிரியே இருக்குங்க."

"மழைதானே," என்றான் அவன்.

"அதுவும் சரிதான்," என்று அவள் திரையை இழுத்து மூடினாள்.